பலகை போட்டு அடைத்த மீன்

வெர்லிக்கு மீன் என்றாலே குமட்டும். லூசியானாவின் தென்கோடியில், வீட்டுக்கு முன்னால் உப்பங்கழி, பின்னால் சதுப்பு என்று பிறந்து வளர்ந்தவளுக்கு வரக்கூடாத வியாதி இது. பதினைந்து வயதில் இறால் கொட்டகைக்குத் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள். சில வருஷம் கழித்து வெளியே வந்தபோது, விரலை விட்டுப் போகாத நாற்றத்தோடு ஒரு தீர்மானமும் கூடவே வந்தது. மீன் பிடிக்கிறவனைக் கட்டிக்கொள்வதில்லை. எண்ணெய்க் கிணற்றில் வெல்டராக இருந்த நோலனை அவள் கட்டிக்கொண்ட காரணத்தை யாரிடமும் மறைத்ததில்லை. அவன் மேல் இரும்பு வாசனை அடித்தது, அவ்வளவுதான்.

நோலன் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த ஏற்பாட்டில் குறையில்லை. வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க் கம்பெனி எப்போதோ வெட்டிவிட்டுப் போன வாய்க்கால் ஒன்று உண்டு. அது ஆழமில்லாத ஒரு பெரிய நீர்ப்பரப்பில் போய் முடியும். அங்கே வாத்து சுட வரும் நகரத்துக்காரர்கள், வாய்க்கால் கழியில் சேரும் இடத்தில் ஒரு மதகு கட்டியிருந்தார்கள். பலகையை இறக்கினால் தண்ணீர் உள்ளே நிற்கும், வாத்து வரும். அந்த மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலை நோலனுக்குக் கிடைத்தது. சும்மா இருப்பதற்கு அதுவும் ஒரு வேலையா என்று வெர்லி விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

கோடை முழுக்கக் கடல் ஓரத்து விரிகுடாவில் கிடக்கும் புள்ளி ட்ரவுட் மீன், முதல் வாடைக்காற்று அடித்ததும் இறாலைத் தேடிக்கொண்டு சதுப்புக்குள் ஏறிவரும். அந்த வருஷம் வாய்க்கால் கொள்ளாத அளவுக்கு ஏறியது. நவம்பர் நடுவில் தொடங்கும் வாத்து சீசனுக்கு முதல் நாள் பலகையை இறக்கினால் போதும். நோலனோ அக்டோபர் முடிவதற்குள் இறக்கிவிட்டான். மீன் உள்ளே, வழி அடைப்பு. ஊரே கழியில் தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க, இவன் வீட்டுக்குப் பின்னால் மட்டும் போட்டவுடன் கடித்தது.

அதோடு நோலன் பெரிய மனுஷனாகிவிட்டான். முன்பு தெருவில் பார்த்தால் தலையைக்கூட ஆட்டாதவர்கள் "மிஸ்டர் நோலன், மிஸ்டர் நோலன்" என்று பல்லிளித்துக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரனின் மச்சான் வந்தான். நோலனை வேலையில் நாயாக நடத்திய பழைய மேஸ்திரி டூப்ரேயும் வந்தான். அவனுக்கு நோலன் தன் கையால் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, தூண்டிலில் இறாலைக்கூடக் கோத்துக் கொடுத்தான். பார்த்துக்கொண்டிருந்த வெர்லிக்கு மீனைவிட அதுதான் அதிகமாகக் குமட்டியது.

பிடித்ததை அறுப்பது யார்? வெர்லிதான். கொல்லையில் மேசையைப் போட்டு, முழங்கை வரை வழுவழுப்பில் நின்று, முதுகுச் சதையில் சேமியாவைப் போல நெளியும் வெள்ளைப் புழுவைக் குறடால் இழுத்து இழுத்துப் போட்டாள். தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டூப்ரே மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ் வெர்லி, அதை என் கண்ணுல காட்டாம எடுத்துருங்களேன்."

"ஏன், உங்க வயித்துக்குள்ள போறதை நீங்க பார்க்க வேண்டாமா?" என்று அவள் ஒன்றைக் குறடோடு தூக்கிக் காட்டினாள். நோலன் சிரித்துச் சமாளித்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது தம்பி விஷயம். யூலிஸ் தூண்டில் போட்டு ட்ரவுட் பிடித்து விற்றே பிழைக்கிறவன். மதகுக்கு வெளியே கழி வளைகிற இடத்தில் ஆழமான பள்ளம் இருக்கிறது. குளிர் முற்றினால், சதுப்பின் ஆழமில்லாத மேட்டுத் தண்ணீரில் இருக்கும் மீன் இறங்கி அந்தப் பள்ளத்தில்தான் ஒண்டும். யூலிஸின் குளிர்காலச் சாப்பாடே அந்தப் பள்ளம்தான். நோலன் பலகையை இறக்கிய நாளோடு அதில் மண் விழுந்தது.

யூலிஸ் சண்டை போடவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் தட்டை வைப்பாள், திரும்ப எடுத்து அடுக்குவாள். அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்க நவம்பர் முதல் தேதி அக்காவும் தம்பியும் சேர்ந்து போவது வழக்கம். அந்த வருஷம் அவள் வாளியோடு போனபோது கல்லறை ஏற்கெனவே வெளுத்திருந்தது. தனியாக வந்து அடித்துவிட்டுப் போயிருந்தான். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று வேறு யாரும் இல்லை. சுண்ணாம்பு வாளியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

டிசம்பரில் உறைபனி வரப்போவதாக டிவியில் சொன்ன அன்று யூலிஸின் வண்டி வாசலில் வந்து நின்றது. இன்ஜினை அவன் நிறுத்தவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை உறையப் போகுது. மீனு அந்த மேட்டுத் தண்ணியில நின்னா ஒண்ணு மிஞ்சாது. பலகையைத் தூக்கச் சொல்லு உன் புருஷனை."

"நீயே வந்து சொல்லேன்டா."

"அந்த ஆளு மூஞ்சியில முழிக்க மாட்டேன். பாவம், வாயில்லாத ஜீவன். அதுக்காகத்தான் வந்தேன். தூக்கட்டும், ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்."

வாயில்லாத ஜீவனுக்காக வந்தேன் என்றானே, அந்த வார்த்தையில் வெர்லிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த ஊரில் ஒருத்தனாவது மனுஷனாக இருக்கிறானே, அவன் என் தம்பியாகவும் இருக்கிறானே என்று நினைத்தாள். அன்று மாலை நோலன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை டூப்ரே அவரோட ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாரு. ஞாயித்துக்கிழமை தூக்கறேன்" என்றான் அவன்.

"வெள்ளிக்கிழமையே எல்லாம் செத்துரும், நோலன்."

"டிவிக்காரன் சொன்னா குளிர் வந்துருமா? போன வருஷமும் இப்படித்தான் சொன்னான்."

"என் தம்பி சொல்றான்."

"உன் தம்பிக்கு என் மீனு மேல கண்ணு. அதான் உருகறான்."

"உன் மீனா? நீ பெத்து வளர்த்தியா?"

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கொல்லைக் குழாய் உறைந்திருந்தது. நீர்ப்பரப்பின் ஓரங்களில் கண்ணாடி போல் பனி. அதற்கு உள்ளே, பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை வயிறு. சிலது இன்னும் சாகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து செவுளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு பலகையில் மூக்கை முட்டிக்கொண்டே செத்திருந்தது. வெர்லி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

நோலனுக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால் அவனை உங்களுக்குத் தெரியாது. போனை எடுத்து ஊரையே கூப்பிட்டான். தூண்டில்கூட வேண்டாம், வலைக்கரண்டி போதும், வந்து அள்ளிக்கொள்ளுங்கள் என்றான். வந்தார்கள். தட்டைப் படகுகளை இழுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டிகளோடு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இத்தனைதான் எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. உறைந்த மீனுக்கும் அது உண்டு. போலீஸ்காரனின் மச்சானே மூன்று பெட்டியை நிரப்பும்போது யார் கேட்பது? பெரியதாகப் பொறுக்கினார்கள், சின்னதைத் துடுப்பால் ஒதுக்கினார்கள். வெர்லியின் மேசையில் மீன் மலையாகக் குவிந்தது.

அவள் அறுத்தாள். தம்பி சொன்னதைச் சொல்லியும் நடக்கவில்லையே, இனி அவன் வரவே மாட்டானே என்று அந்த ஒரே நினைப்போடு அறுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மேசைமேல் தொப்பென்று இன்னொரு பெட்டி வந்து விழுந்தது.

"அக்கா, இதை முதல்ல பாரு. மதியம் லாரி வந்துரும். மார்க்கெட்டுல இன்னிக்கு மீனே இல்லை, நான்தான் ராஜா."

யூலிஸ்தான். முழங்கால் வரை சேறு, தோளில் வலைக்கரண்டி, முகமெல்லாம் பல். அவனுடைய படகு வாய்க்காலின் நடுவில், விளிம்பு தண்ணீரைத் தொடும்படி நிறைந்து நின்றது.

"நீ எப்ப வந்தே?"

"எல்லாருக்கும் முந்தி. நோலன் மச்சான்தான் போன் பண்ணார். நல்ல மனுஷன், நம்மதான் தப்பா நினைச்சுட்டோம்."

"வாயில்லாத ஜீவன்னு சொன்னே."

"செத்தது செத்துப்போச்சு. அதுக்கு ஒப்பாரி வைக்கச் சொல்றியா? சீக்கிரம் அறு அக்கா, இன்னும் நிறைய கிடக்கு." அவன் திரும்பிப் படகுக்கு நடந்தான்.

வெர்லி கத்தியைக் கழுவினாள், துடைத்தாள். மேலங்கியைக் கழற்றி மீன் குவியல் மேலேயே போட்டாள். மதகுக்கு நடந்தாள்.

பலகையைத் தூக்கும் சங்கிலிச் சக்கரம் நோலனே வெல்டிங் வைத்தது, நன்றாகவே சுற்றியது. ஒரு ராத்திரி முழுக்க அடித்த வாடைக்காற்று, கழித் தண்ணீரைக் கடலுக்கு ஒதுக்கித் தள்ளியிருந்தது. வெளியே அடிச்சேறு தெரிந்தது. முதல் பலகை மேலே வந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் அந்தச் சேற்றின் மேல் விழுந்து பாய்ந்தது. அவள் அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததையும் தூக்கினாள். செத்த மீன் கூட்டமாகப் புரண்டு வெளியேறியது. இனி ஊரில் ஒவ்வொரு வீட்டுப் படித்துறையிலும் கொஞ்சம் ஒதுங்கும், ஒவ்வொருத்தன் மூக்குக்கும் பங்கு கிடைக்கும்.

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. இறங்கித் தள்ளப் பார்த்தவர்கள் இடுப்பு வரை புதைந்தார்கள். டூப்ரே ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். நோலன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அடியே, என்ன காரியம் பண்ணே?"

"ஞாயித்துக்கிழமை தூக்கறேன்னு சொன்னியே. உனக்கெதுக்குச் சிரமம்?"

கரைக்குப் பக்கத்தில் சேற்றில் மாட்டியிருந்தவன் யூலிஸ். குளிரில் உதடு நீலமாகியிருந்தது. "அக்கா, கயிறு போடு. கால் மரத்துப்போச்சு."

மதகுக் கம்பியில் கயிறு சுற்றித்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் கரையோரம் வந்தாள்.

"அந்த மீனை எல்லாம் கொட்டிட்டு வா. போடறேன்."

யூலிஸ் அவளைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெர்லி கயிற்றை நோலன் காலடியில் போட்டுவிட்டு, கை கழுவ வீட்டுக்குப் போனாள்.