முதலில் வரவேண்டிய படம்

தேவிபட்டினத்தில் பேருந்துகள் திரும்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் முதலாளி சவூதியில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எந்தத் தேதி யாருக்கு என்று குறித்துவைக்க அவருடைய கணினிக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் கவிதை, மதியத்துக்கு மேல் மென்பொருள் என்பது என் பிழைப்பு. இரண்டில் எது எதைக் கெடுக்கிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"அதுலயே விசேச வீட்டு ஆளுங்க படம் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுற மாதிரி சேத்துக் குடுங்க சார். வாசல்ல பெரிய டிவி மாட்டிட்டேன். சும்மாதான் தொங்குது" என்றார் ஒருநாள்.

சரி என்றேன். அந்த டிவியை முதலில் கேட்டு வந்தவர் உப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். மகளுக்குக் காதுகுத்து. மண்டப அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"எங்க வீடு பால்காய்ச்சுக்கு வீட்டுக்காரரு பிளெக்ஸ் அடிச்சாரு சார். அவுக அண்ணன் படத்தை மேல பெருசாப் போட்டு, எங்கண்ணன் படத்தை அடியில, அடிச்ச கடைக்காரன் போன் நம்பருக்குப் பக்கத்துல வச்சுட்டாக. அண்ணன் வாசல் வரைக்கும் வந்தாரு. அண்ணாந்து பாத்தாரு. வண்டியத் திருப்பிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் வீட்டுப் படி ஏறல."

"இப்ப காதுகுத்துக்கு வருவாரா?"

"சீரோட வாரேன்னுட்டாரு. வாசலுக்கு வருவாரு, அதுல பயமில்ல. உள்ள வரணும்ல? தாய்மாமன் மடியில வச்சுத்தானே புள்ளைக்குக் காது குத்தணும்? அவரு திரும்பிட்டாருன்னா நான் யாரு மடியில வைக்க?" தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். "பிளெக்ஸ்ல மேல கீழ இருக்கும். இதுல எல்லாரும் ஒரே அளவு. அண்ணன் படம் முதல்ல வந்துட்டாப் போதும் சார்."

இதைவிட எளிய வேலை உண்டா? முந்தையது, அடுத்தது, நிறுத்து, ஓட்டு என்று நான்கு பட்டன்கள் வைத்தேன். உள்ளே ஒரு டைமர், கொஞ்ச நேரத்துக்கொரு முறை அடுத்த படத்தைத் தள்ளிவிடும். கடைசிப் படம் போனதும் முதல் படம் தானே வந்து நிற்கும். அந்தத் திரும்பலை எழுதி முடித்தபோது எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. வெளியே காற்றில் கருவேல மரங்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தன. நான் மட்டும் வட்டமாகச் சுற்றும் ஒன்றைச் செய்துவிட்டேன்.

காதுகுத்து அன்று காலையில் ஓடவிட்டேன். தாய்மாமன் படம்தான் முதலில் வந்தது. ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர் அவர். மிஷின் முன்னால், வெள்ளைச் சட்டையில் நின்றார். தங்கச்சி பார்த்துவிட்டு நிம்மதியாகப் பந்தி ஏற்பாட்டுக்குப் போனார்.

அண்ணன் வந்ததென்னவோ படங்கள் பல சுற்றுச் சுற்றிய பிறகு. மேளம் முன்னால், தட்டு ஏந்திய பெண்கள் பின்னால், அவர்களுக்குப் பின்னால் மாலை போட்ட ஒரு கிடா. வாசலுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். டிவியில் அப்போது இருந்தது பிள்ளையின் பெரியப்பா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"என்ன மச்சான், படம்லாம் ஓடுது" என்றார், சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்த பிள்ளையின் அப்பாவிடம்.

"உங்க படந்தான் மச்சான் முதல்ல. சத்தியமா."

"அப்பிடியா? அங்கன கண்ணாடி போட்டு நிக்கிறது நானா?"

தட்டு ஏந்திய பெண்கள் சிரித்தார்கள். மேளம் நின்றது.

"இந்தா, இப்ப வந்துரும்."

"வரட்டும். வந்ததும் வாரேன்."

வாசலோரம் மேசை போட்டுக் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் ஆள்தான். ஆனால் நடுவில் வருகிறவருக்கு வட்டத்தின் முதல் எது? 'முந்தையது' பட்டனை அழுத்தினேன். சித்தப்பா வந்தார். இன்னும் அழுத்தினேன். அத்தை, யாரோ ஒரு மாப்பிள்ளை, மறுபடி சித்தப்பா. பின்னால் போகச் சொல்கிறேன், முன்னால் போகிறது. போகப் போக வேகமும் கூடியது. நான் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் உள்ளே புதிதாக ஒரு டைமர் பிறக்கிறது, பழையது சாகவில்லை என்பது வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் டிவியில் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள் என்பதுதான்.

"மாமா, வந்துட்டுப் போயிட்டீக! நில்லுங்க, திரும்ப வருவீக!" என்றாள் தட்டு ஏந்திய ஒருத்தி.

"எங்க வந்தேன்? மூஞ்சிய முழுசாக் காட்டவிட மாட்டானுக போலயே."

மண்டப முதலாளி என் தோளைப் பிடித்தார். "யா அல்லா, எதையாச்சும் அமுக்குங்க சார்."

"அமுக்கித்தான் பாய் இப்பிடி ஆச்சு."

'நிறுத்து' அழுத்தினேன். நிற்கவில்லை. படியில் அந்தப் பெண் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். டிவியை அவர் பார்க்கவேயில்லை. அண்ணனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை எந்தப் பக்கம் திரும்பப்போகின்றன என்று.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மென்பொருளையே மூடிவிட்டேன். மூடித் திறந்தால் முதல் படத்திலிருந்து வரும் என்று ஒரு நம்பிக்கை. அது திறக்க நேரமெடுத்தது. அந்த நேரத்தில் டிவி முழுக்க முதலாளி தன் கணினியில் வைத்திருந்த படம் தெரிந்தது: ஆளில்லாத பாலைவனத்தில் ஒரு ரோடு.

தாய்மாமன் வெகுநேரம் பார்த்தார். "இது யாரு?"

"யாருமில்லண்ணே" என்றார் தங்கச்சி. "ரோடு."

"யாருமே இல்லையா? கண்ணாடி போட்ட உங்க பெரிய மச்சானும் இல்லையா?"

"யாருமில்லண்ணே."

"அப்பச் சரி" என்று செருப்பைக் கழற்றினார். மேளம் கொட்டியது. கிடா மட்டும் படியேற மறுத்தது.

அவர் ஏன் உள்ளே வந்தார் என்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது. தன் படம் முதலில் வந்ததற்காக அல்ல. அது வந்ததை அவர் பார்க்கவேயில்லை. உள்ளே பிள்ளை மாமன் மடியில் வீறிட்டு அழுதது. மென்பொருள் திறந்து காத்திருந்தது. 'ஓட்டு' பட்டனை அழுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்தார். சட்டையில் பிள்ளையின் கண்ணீரும் மஞ்சளும்.

"எங்க, எம் படத்தை நிப்பாட்டிக் காட்டுங்க பாப்போம்."

டைமரைத் தொடாமல் முதல் படத்தை மட்டும் போட்டேன். மிஷின் முன்னால் வெள்ளைச் சட்டையில் அவர், அசையாமல். தங்கச்சியும் வந்து பக்கத்தில் நின்றார். அண்ணனின் சட்டையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், பின்னால் திரும்பினார். சற்றுத் தள்ளி, கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பா நின்றிருந்தார்.

"போதும் சார். அடுத்தாளைப் போடுங்க. மனுசன் நின்னுக்கிட்டே இருக்காரு."