அம்மாவுக்காக நான் பேசிய கன்னடம்

ஃபைனான்ஸ்காரர்கள் எங்கள் வண்டியைப் பிடுங்க வந்த காலை, என் சிறுவயதின் மிகச் சந்தோஷமான காலைகளில் ஒன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா மண்டி மொஹல்லாவில் சரக்கு ஆட்டோ ஓட்டினார். கடனில் வாங்கிய வண்டி. மழையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததில் மூன்று மாதத் தவணை நின்றுபோயிருந்தது. அன்று அவர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்து சந்தில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்களில் மீசைக்காரர் எங்கள் வாசலில் நின்று கன்னடத்தில் கத்தினார். சாவியைக் கொடுக்க வேண்டுமாம், வண்டியை சீஸ் பண்ணப் போகிறார்களாம்.

அம்மா வெளியே வந்து என்னை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எனக்குக் கன்னடம் வராதுங்க. புள்ள சொல்லும்."

பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு என்றுதான் அதுவரை கேட்டிருக்கிறேன். இப்போது இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அடையாள அட்டை இருக்குதான்னு கேளு கண்ணு."

கேட்டேன். அவர் பையைத் துழாவி நீட்டினார். பள்ளியில் பாடம் படிக்கும் குரலில் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அவர் ஏதோ ஒரு வார்த்தையைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே விழுங்கி இருமினார். பிறகு குரலைத் தணித்து, மூன்று தவணையும் அபராதமும் இன்றே வேண்டும் என்றார்.

"வண்டியக் கொண்டு போயிட்டா எதை ஓட்டிக் கட்டறதாம்? தசரா லோடு வருது. அப்பாவோட கூட்டாளி ஓட்டித் தரேன்னு சொல்லியிருக்காரு. இப்ப ஒண்ணு கட்டறோம், மிச்சம் தசரா முடிஞ்சுன்னு சொல்லு சாமி."

சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், "ஃபைன் பேடா சார், ப்ளீஸ்" என்று, அபராதம் வேண்டாமென நானாகவும் சேர்த்துக்கொண்டேன். கூட வந்த இளைஞன் சிரித்துவிட்டான். மீசைக்காரர் ஓரமாகப் போய் ஆபீஸுக்கு போன் போட்டார். திரும்பி வந்து, சரி என்று தலையாட்டினார். அபராதமும் போயிற்று!

அம்மா உள்ளேயிருந்து பணம் கொண்டுவந்தாள். "ரசீது கையில வந்தப்புறம் பணம்னு சொல்லு." அவர் பைக் டேங்க் மேல் வைத்து எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னிடம், "லாயர் ஆகு மகளே" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சந்தில் இதைக் கேட்காத ஆளே இல்லை. இரண்டு தடவை கேட்டவர்களும் உண்டு.

தண்ணீர்க் குழாயடியில் அம்மா தினமும் கன்னடத்தில்தான் சண்டை போட்டாள். என்னைவிட நன்றாகவே போட்டாள். அந்த வெற்றியில் இது எனக்குத் தோன்றவே இல்லை. முந்தின வாரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் அதே மீசைக்கார ஆள் வந்திருந்தான். தனியாக நின்ற அவளிடம் அன்று அவன் என்ன சொன்னான் என்பதை, எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னாள். ஒன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, இதை உன் அம்மாவிடம் சொல் என்று யாரும் சொல்லக்கூடிய வார்த்தைகள் அல்ல அவை.