"வரலம்மா" என்று சொன்ன புதன்கிழமை

போன சனிக்கிழமை, வழக்கம்போல இந்தப் பத்தியை பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புவதற்காக பினாங் ரோட்டு சைபர் கஃபேக்குப் போனேன். மின்னஞ்சலைத் திறந்தால்... ஒரு வேலை வந்து நான்கு நாளாகக் காத்துக் கிடக்கிறது. சினிமா வேலை! எனக்கு இல்லை — எங்கள் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கும் கோமளாவுக்கு.

கோமளாவை உங்களுக்குத் தெரியாது. சுங்கை பினாங்கில் எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எட்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப். ஆனால் அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேறு. கோயில் விழா நாடகத்தில் ஒருவர் கையில் மேக்கப்பாலேயே தீக்காயம் போட்டுவிட்டாள் பாருங்கள் — முன்வரிசையில் இருந்த நர்ஸம்மா பதறிப்போய் மேடையேறிவிட்டார்.

அவளுக்கு ஆசை ஒன்றுதான். படத்தில் மேக்கப் வேலை. பினாங்கில் இருந்துகொண்டு யாரைப் பிடிப்பது? உள்ளே மாமன் மச்சான் இருந்தால்தானே கூப்பிடுவார்கள்?

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போய், சினிமாக்காரர்கள் ஆள் தேடும் இணையப் பக்கங்களில் அவள் விவரங்களைப் பதிந்தேன். தீக்காயப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றினோம். படத் தயாரிப்பில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

பதில் வர ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டுமே?

"உங்களோடத குடுங்கண்ணே. எனக்கு எதுக்கு தனியா?"

எங்கள் புளோக்கில் இது பழைய வழக்கம். ஒரு காலத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் முதல் மாடியில் ஒரே ஒரு டெலிபோன். வேலை மனுவா, ஆஸ்பத்திரி அட்டையா — எல்லோரும் அந்த நம்பரைத்தான் எழுதுவோம். மணியடித்தால் அந்த வீட்டு அக்கா கீழே நின்று பெயர் சொல்லிக் கத்துவார். குளித்துக்கொண்டிருப்பவர்கூட ஈரத்தோடு ஓடிவருவார்.

"வந்தா சத்தம் கேக்குமாண்ணே?" என்று கோமளா கேட்டாள்.

"கேக்காதும்மா. போய்த் திறந்து பாத்தாதான் தெரியும்."

"அப்ப டெய்லி பாப்பீங்கதானே?"

"பாப்பேன்லா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

நான் மின்னஞ்சல் பார்ப்பது சனிக்கிழமை மட்டும்தான். ஆசிரியர் நச்சரித்ததால் தொடங்கிய கணக்கு அது. முதல் வாரம் கோமளாவுக்காகத் தினமும் போனேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரம்... சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் மட்டும் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படிக்கட்டில் நிற்பாள். "ஏதாச்சும் வந்துச்சாண்ணே?" ஒரு மாத லீவுக்கு சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள். கொடுக்காவிட்டால் வேலையையே விட்டுவிடுவதாக இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை மாலையும் அந்தக் கஃபே வாசலில்தான் பஸ்ஸுக்கு நின்றேன். பத்து நிமிடம் உள்ளே போய்வந்திருக்கலாம். மழை வரும்போல இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். படிக்கட்டில் கோமளா கேட்டாள்.

"வரலம்மா" என்றேன்.

செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது அந்தக் கடிதம். சென்னையிலிருந்து வந்த படக்குழு. கோலாலம்பூரில் ஐந்து வாரப் படப்பிடிப்பு. 'காயங்களைப் பார்த்தோம், மிக நன்றாக இருக்கிறது. வியாழன் காலை சாமான்களோடு வரவும். புதன் இரவுக்குள் உறுதி செய்யவும்.' புதன் இரவு பட்டர்வொர்த்தில் ரயில் ஏறியிருந்தால், விடியும்போது அங்கே இருந்திருப்பாள்.

சனிக்கிழமை அதைப் படித்ததும், அதில் இருந்த நம்பருக்குக் கஃபேயிலிருந்தே போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "முந்தாநேத்தே ஷூட்டிங் ஸ்டார்ட் ஆயிடுச்சு சார். வேற ஆள் போட்டாச்சு."

வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறினேன். கோமளா கல்யாண மேக்கப்புக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அச்சடித்து வந்த தாளை வாசித்துக் காட்டினேன். காயங்கள் நன்றாக இருக்கின்றன என்ற வரியில் நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு வாட்டி படிங்கண்ணே." படித்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு தேதியைப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழமையா? பொதங்கெழமை நான் கேட்டேனே, அண்ணே."

திட்டியிருந்தால் தேவலை. அவள் பெட்டியை மூடிக்கொண்டு மணப்பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இணையம் வந்தால் சென்னையும் கோலாலம்பூரும் பக்கத்து வீடாகிவிடும் என்று இதே பத்தியில் எழுதியவன் நான். ஆனது உண்மைதான். உண்மையான பக்கத்து வீட்டுக்காரன்தான் கைவிட்டான். மறந்துபோனதைக்கூட மன்னிக்கலாம்; பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னதற்கு என்ன பெயர்?

திங்கட்கிழமை அவளுக்கென்று தனி முகவரி போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டைத் தட்டும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கஃபேக்குப் போகிறாள், தினமும்.

படிக்கட்டில் பார்த்தால், "சாப்ட்டீங்களாண்ணே?" என்று மட்டும்தான் கேட்கிறாள்.

அதற்காவது உண்மையைச் சொல்கிறேன்.