தையல் மெஷின் சத்தத்துக்கு வந்த குட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் உங்கள் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் மரியாதையாக, தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார். போத்தனூரில் பிறந்து கருமத்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாமனார், மாமியார் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். வீட்டின் பின்சுவரை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடும் குடோன். அவர் அதைப் பார்த்துக்கொள்வார். நான் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பேன். தறி ஓடும் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அவர் மட்டும் கத்தமாட்டார். நான் அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன். அந்த மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் கழித்தும் ஆறவில்லை.

குடோன் மூலையில் கழிவு நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் அது அவிநாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. மூன்று குட்டியில் இரண்டை நாய் தூக்கிக்கொண்டு போய்விட, மிஞ்சிய ஒன்றை நான் துண்டைப் போட்டுப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி. என் உள்ளங்கை அளவுகூட இல்லாதது, என் கையை மணிக்கட்டு வரை கீறிவிட்டுப் பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு சீறியது. எனக்கு அந்தத் திமிர் பிடித்துப்போனது.

மூன்று நாள் அது வெளியே வரவில்லை. பால் சோறு வைத்தேன், நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு உதிர்த்து வைத்தேன். நான் அறையை விட்டுப் போனால்தான் தின்னும். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று தறிக்கு லீவு. வீடே அடங்கிக் கிடந்தது. இன்றைக்காவது பயப்படாமல் வரும் என்று நான் நினைத்தால், அது பீரோவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. தட்டில் வைத்ததைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை தறிகள் ஓடத் தொடங்கியதும் தலையை நீட்டிப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறிச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் கண் திறந்த குட்டி. நமக்குச் சத்தம் என்றால் ஆகாது. அதற்குச் சத்தம் நின்றால் ஆகாது.

அடுத்த முறை கரண்ட்டு போய்த் தறிகள் நின்றபோது நான் மெஷினில் உட்கார்ந்து, நூலைக் கழற்றிவிட்டு, துணி எதுவும் இல்லாமல் சும்மா மிதித்தேன். தறிச் சத்தத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? இருந்தாலும் டக டகவென்று ஒரே தாளத்தில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பீரோவுக்கு அடியிலிருந்து இரண்டு கண் தெரிந்தது. அன்றிலிருந்து இதுவே வேலையாகிவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் தட்டை வைப்பேன், மிதிப்பேன். தட்டை நாளுக்கு ஒரு சாண் கிட்டே இழுத்து வைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங் அம்மணி, துணியே இல்லாம என்ன தெக்கிறீங்க?" என்று கேட்டார். பூனைக்குத் தைக்கிறேன் என்றேன்.

ஒரு மாதம் ஆயிருக்கும். ஒரு மத்தியானம் அது மிதியின் மேலேயே ஏறி, என் காலை ஒட்டிப் படுத்துக்கொண்டது. கால் மேலே போனால் அதுவும் மேலே, கீழே வந்தால் அதுவும் கீழே. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் அப்படியே கிடந்தது. நிறுத்த மனம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் அது என்னிடம் மட்டும்தான் வந்தது. வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டு, "இருக்கட்டும் அம்மணி. எலி நூல் கோனைக் கடிக்காம இருந்தாச் சரி" என்பார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை தலைப்பிரசவத்துக்கு வருவது என்று முடிவானது. பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. கட்டுச்சோத்து விருந்து முடித்து நாங்கள்தான் போய் அழைத்து வர வேண்டும். குழந்தை பிறக்கிற வீட்டில் பூனை இருக்கலாமா என்று நானே அவரிடம் கேட்டேன். "அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். நானும் அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

அவளை அழைத்து வருவதற்குப் பத்து நாள் முன்னால் போத்தனூரில், வயசுக்கு வந்த என் அண்ணன் மகளுக்குச் சீர் வைத்தார்கள். அத்தை நான் இல்லாமல் ஆகாது. இரண்டு நாள் தங்க வேண்டும். தறியை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவராகவே கேட்டார்.

"ஏம்மணி, அந்தக் குட்டி என்ன பண்ணினா வரும்? நீயில்லாம பட்டினி கெடந்துறப் போவுது."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாளில் அவர் அதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவரை மெஷினில் உட்காரவைத்தேன். மிதியில் கால் வைக்கச் சொல்லி, அந்தக் காலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அதிகம் வேகம் கூடாது, நடுவில் நிறுத்தக் கூடாது, வந்து தின்னும்போது குனிந்து பார்க்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போத்தனூருக்குப் போன பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு அதுவே நினைப்பாக இருந்தது. இந்த மனுஷனைப் போய் என்ன குறை சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது குட்டி இல்லை.

"ஓடிப்போச்சு அம்மணி. கதவு தெறந்திருந்துச்சு, நான் பாக்கலை" என்றார்.

நம்பினேன். தெரு முழுக்கத் தேடினேன். குடோனுக்குள் போய் நூல் மூட்டைகளைப் புரட்டினேன். அவரும் கூடவே வந்தார். கனமான மூட்டைகளை அவரே தூக்கி, "இங்கிருக்குதான்னு பாரு அம்மணி" என்று எனக்குக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிவது அந்த மூட்டைகளுக்காகத்தான்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. எங்கேயாவது பக்கத்தில் ஒளிந்திருந்தால் மெஷின் சத்தத்துக்கு வரும். போய் உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் சுற்றவில்லை. மூடியைத் திறந்தால் பாபினைச் சுற்றிப் பச்சை நூல் கூடு கட்டியது போல் சிக்கிக் கிடந்தது. ஊசி முறிந்திருந்தது. நான் சும்மா மிதிக்கும்போதெல்லாம் நூலைக் கழற்றிவிடுவேன். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள் அதை மட்டும் சொல்ல மறந்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"மிசின மிதிச்சீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்" என்றார்.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு." பிறகு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாதவர் போல, "ஒடனே வந்துச்சு அம்மணி. கால்கிட்டயே வந்து நின்னுச்சு" என்றார்.

மீதியையும் அவரே சொன்னார். சாக்குக்குள் போட்டு, வழி தெரியாமல் இருக்கச் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி, நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாமளாபுரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஆறு தாண்டி விட்ட பூனை திரும்பாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. ஏன் என்று கேட்டேன். பூனை முடி பச்சைக் குழந்தைக்கு ஆகாது, இழுப்பு வரும், தங்கச்சி ஊட்டுக்காரங்க ஏதாவது நெனப்பாங்க என்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா உன்ற மனசு நோகும்னுதான் சொல்லலை."

கேட்டிருந்தால் போத்தனூர் போகும்போது நானே கூடையில் வைத்துக் கொண்டுபோய் அம்மா வீட்டில் விட்டிருப்பேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

தங்கை வந்தாள். உள்ளே கால் வைத்ததும், அண்ணன் பெண்டாட்டியை அழைக்கிற முறையில், "எங்கீங்க நங்கை, பூனை வளக்கறீங்கன்னாங்க?" என்று கேட்டாள். இல்லை, போய்விட்டது என்றேன். "அடடா, எங்கூட்டுல மூணு கெடக்குது. எங்கத்தை அதுகளுக்குச் சோறு வெச்சுட்டுத்தான் திம்பாங்க" என்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அவளுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில், தறிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், குடோனின் சிமெண்டு ஓட்டுக் கூரை மேல் அது உட்கார்ந்திருந்தது. எலும்பும் தோலுமாக, ஒரு காதில் காயத்தோடு. ஆற்றைத் தாண்டினால் திரும்பாது என்று சொன்னவர் யாரும் நொய்யலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. அந்த வருஷம் ஆடுகூட நடந்தே தாண்டும் அளவுக்கு மணலாகக் கிடந்தது.

நான் கூப்பிடவில்லை. சத்தம் போட்டால் பயந்துவிடும் என்று உள்ளே ஓடி, நூலைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தேன். முதல் மிதியிலேயே அது எழுந்து நின்றது. ஜன்னலைப் பார்த்தது. அடுத்த நொடி கூரையிலிருந்து அந்தப் பக்கம் குதித்து ஓடிவிட்டது.

அப்புறமும் அது குடோன் பக்கம்தான் இருந்தது. மதில் மேல் சோறு வைத்தால், நான் போன பிறகு வந்து தின்னும். மெஷின் சத்தம் கேட்டால் மட்டும் அந்தத் தெருவிலேயே இருக்காது. சாக்குப் போட்டுப் பிடித்தவர் யார் என்று அதற்கு என்ன தெரியும்? கேட்டது என் மெஷின் சத்தம்தானே.

"அதான் வந்துருச்சில்ல அம்மணி, அப்பறமென்ன?" என்றார் வீட்டுக்காரர்.

நல்ல மனுஷர்தான். இன்றும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் ஏதாவது ஒன்றைக் காட்டி, அது எப்படிம்மணி செய்யறது என்று கேட்டால், நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தாலும் நான் சொல்வதில்லை.

"தெரியலீங்க" என்பேன்.