திருப்பிக் கொடுத்த காணிக்கை

அறுபதுகளின் கடைசியில், கொத்தனாரான என் வீட்டுக்காரர் கோட்டையூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். "இவுகள எந்திரிச்சு நடக்க வச்சிரும், அறுப்புப் பண்டிகைக்குக் கிடாயக் கொண்டாந்து நிறுத்துறேன்" என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினேன். எங்களிடம் இருந்தது அந்த ஒரு கிடாய்தான்.

அவர் நடந்துவிட்டார். நடந்ததும், கிடாயை விற்றால் மழைக்கு முன்னால் கூரையை மாற்றிவிடலாமே என்று இழுத்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஆண்டவரயே ஏமாத்தச் சொல்றீகளா?" என்றேன்.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒருவர் எடுத்த எலுமிச்சம்பழத்தை மறுபடி காணிக்கையாகவே வைப்பார். அது நாலு கை மாறி நெல் மூட்டை விலைக்குப் போகும். பக்தி பாதி, வீம்பு பாதி. பணம் எப்படியும் கோயிலுக்குத்தானே!

என் கிடாய் வந்தபோது, காரைக்குடியில் மரக்கடை வைத்திருந்த சபைப் பெரியவர் யாரும் எட்ட முடியாத விலைக்குக் கேட்டார். மூன்றாம் தரமும் சொல்லியாயிற்று. கயிற்றை வாங்கியவர் நேரே என்னிடம் வந்தார்.

"நீயே புடிச்சுக்கிட்டுப் போ ஆத்தா. ஒன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?"

கூட்டம் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கோ அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல மனுஷர்தான். வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் அவர் கொடுத்த அரிசியை நாங்களும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு நான் வாங்க வரவில்லை, கொடுக்க வந்திருந்தேன். கிடாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் காணிக்கை அவருடையதாகிவிடும். எனக்கு மிஞ்சுவது இரக்கம் மட்டும்தான்.

"கோவிச்சுக்காதீக அண்ணே, இத நான் வாங்க மாட்டேன்."

போதகர் குறுக்கே வந்தார். "அன்பாத்தானே தர்றாங்க, வாங்கிக்கம்மா."

"இவுக குடுக்கயில ஸ்தோத்திரம்னு சொல்றீக. நான் குடுக்கயில மட்டும் ஏன்யா ஐயோ பாவம்னு பாக்குறீக?"

பெரியவர் கயிறும் கையுமாகத் திகைத்து நின்றார். அப்போது என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து அந்தக் கயிற்றை வாங்கினார். இந்த மனுஷன் கெடுத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

அவர் கிடாயை இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவருடைய மாட்டுவண்டியில் கட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"குடுத்தாச்சு. வா, போவோம்" என்றார்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான், அத்தனை பேருக்கு முன்னால் உடைந்து அழுதேன்.