ரேடியேட்டர் ஆறட்டும் என்று காத்திருக்கிறேன், ஸ்டீபன் சார்

ஸ்டீபன் சார் போய்விட்டார்.

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்ப ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

எங்கள் எஸ்டேட் ஆபீசில் என் பக்கத்து மேஜை அவருடையது. நான் சம்பளப் பிரிவு, அவர் ஸ்டோர்ஸ்.

ஒரு வேண்டுகோள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சாருடைய அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் தயவுசெய்து அங்கே போன் செய்துவிடாதீர்கள்.

நாளை சாயங்காலம் இங்கேதான் அடக்கம். மெர்சி அக்கா, சாருடைய மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஏனுங்க விஜயா, அத்தைய நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்க. உங்க கார்னா ஏறிக்குவாங்க. தெரியாத வண்டி வந்து நின்னா அப்பவே புரிஞ்சுரும். ஊட்டுக்குள்ள உக்கார வெச்சு, பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம், அந்தக் கார். அப்பா ஓட்டி எனக்குக் கொடுத்த பழைய டீசல் கார். அதில் சார் பாதியில் விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது.

ஆபீசில் சாரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் ஓட்டுவோம். ஆறிப்போன டீயையும் ஊதித்தான் குடிப்பார். எந்த வண்டி நின்றாலும் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பார். என் காருக்கென்றே ஒரு கல்லைத் தேடிப் பிடித்து, சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார்.

ஒரு கல்யாணத்துக்கு ஆபீஸ் ஆட்கள் கீழே போய்விட்டுத் திரும்பும்போது, பர்லியார் தாண்டி ஒரு வளைவில் கார் கொதித்துவிட்டது. சூடு காட்டும் ஊசி சிவப்பில். முன்னால் ஒரே ஆவி.

நான் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். சார் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "கைய எடுங்க விஜயா. மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்ங்க."

"எவ்வளவு நேரம் சார் நிக்கறது?"

"ஆறுற வரைக்கும்ங்க."

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் சூட்டோடு மூடியைத் திறந்தபோது சார் பக்கத்தில் நின்றிருக்கிறார். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மூடுபனி இறங்கியது. யாரும் மூடியைத் தொடவில்லை.

போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். புது ரேடியேட்டர், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். இருவருமாகப் பழசைக் கழற்றினோம்.

மலையில் எல்லோரும் செய்கிற தப்புதான். ரோட்டோரத்து ஊற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்று பாட்டிலில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவோம். அப்பாவும் ஊற்றினார், நானும் ஊற்றினேன். பழசின் அடியில் இருந்த அடைப்பானைத் திறந்தபோது டிகாக்ஷன் மாதிரி துருத் தண்ணீர் கொட்டியது.

டியூபைச் சொருகி எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டு, கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை அலசினோம். பிறகு புதுசை மாட்டி, பச்சைக் கூலண்ட் ஊற்றும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. எங்கள் நாய் மோந்துகொண்டே வந்தது. சார் பதறிவிட்டார்.

"நாயக் கட்டுங்க முதல்ல. இனிப்பா இருக்கும்ங்க, நக்குச்சுன்னா செத்துரும்."

பக்கெட் பக்கெட்டாக ஊற்றி வாசலைக் கழுவினார். சர்ச்சுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே சிக்கிய காற்று முழுசாக வெளியே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"இங்கயே பக்கத்துல ஓட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து, அளவு பாத்து ஊத்தித் தர்றேன். அதுவரைக்கும் மலை ரோட்ல எறக்காதீங்க. உள்ள காத்து இருந்தா ஊசியவே நம்ப முடியாதுங்க."

அந்த ஞாயிறு நாளைக்கு.

சாயங்காலம் வெலிங்டன் வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். பானெட் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆறட்டும் என்று இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. அந்த மூடியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திரும்பி ஏறும்போது, அழுதுகொண்டிருக்கும் அம்மாவோடு ஏதாவது வளைவில் நின்றுவிடுமோ என்று... ஊசி சும்மா இருந்தாலும் பயம்தான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. கீழே போகும்போதெல்லாம் சார் என்னிடம் அம்மாவுக்குக் கேரட் கொடுத்துவிடுவார். கார் சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்கே வந்துவிடுவார். "விஜயா, கேரட்டு குடுத்துவுட்டானா?"

நாளைக்கும் அதைத்தான் கேட்பார்.

...

கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன். ஹோஸை அமுக்கிப் பார்த்தேன், சூடில்லை, மெத்தென்று இருந்தது. ஈரத்துண்டை நாலாக மடித்துப் போட்டு, சார், உங்களை மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன்.

ஒன்றும் ஆகவில்லை சார். ஆனால் கூலண்ட் அளவு நன்றாக இறங்கியிருந்தது. ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நின்றபிறகுதான் மூடினேன். நாயைக் கட்டிவிட்டுத்தான் செய்தேன்.

விடிந்ததும் கிளம்புகிறேன். கல் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஊசி கொஞ்சம் ஏறினாலும் நிறுத்திவிடுவேன், ஆறுகிற வரைக்கும் நிற்பேன்.

போய் வாருங்கள் சார்.

கேரட் வாங்கி வைத்துவிட்டேன்.