இடம் மாறாத தக்காளித் தொட்டிகள்

பைப்புக்காரருக்கு நாலு வருஷமாக ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தாவரவியல் துறையின் பசுமைக்குடிலில் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கிறவர் அவர். பெண்டாட்டியின் தங்கையை அங்கே தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். ஒல்லியாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் குச்சி. குச்சி தொட்டி கழுவிக்கொண்டே பட்டம் வாங்கி, ஆராய்ச்சிப் படிப்பிலும் நுழைந்துவிட்டாள். தகுதித் தேர்வில் நாலு பேராசிரியர்கள் ஒரு சுருண்ட இலையைக் காட்டிக் காரணம் கேட்டார்களாம். கதவிடுக்கில் வருகிற குளிர்காற்று என்று டக்கென்று சொல்லிச் சபாஷ் வாங்கினாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பைப்புக்காரர். அவர் பேச்சே அங்கே எழவில்லை.

பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று துறையில் கொடுத்த தாளை அவள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அக்கா வீட்டில்தான் ஜாகை. பன்னிரண்டு பாடம், தகுதித் தேர்வு, ஒரு பருவம் வகுப்பெடுப்பது, இரண்டு பருவம் செடி வளர்த்து அளவெடுப்பது, ஆய்வேடு, கடைசியாக வாய்மொழித் தேர்வு. ஆறாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட பைப்புக்காரர் அதை மனப்பாடமாக வைத்திருந்தார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம், எந்த வரியில் இவள் சறுக்குவாள் என்று பார்ப்பார். அவள் ஒவ்வொன்றாக டிக் போட்டாள். இவருக்கு வயிறு எரிந்தது.

"பாடமெல்லாம் முடிஞ்சுது மாமா."

"தொட்டி கழுவுறதைவிடக் கஷ்டமா அது?"

"இல்ல. அங்க பின்னாடி நின்னு திட்ட ஆளில்லையே."

பெண்டாட்டி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

செடி வளர்த்து அளவெடுக்கிற இரண்டாம் பருவத்தில் தொண்ணூற்றாறு தக்காளித் தொட்டிகள். மருந்தில் ஊறிய விதைக்கு மஞ்சள் அட்டை, ஊறாததற்கு வெள்ளை. கண்ணாடிச் சுவரோரம் வெளிச்சம் அதிகம். எந்தத் தொட்டியும் ஒரே இடத்தில் சொகுசாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பதால், அவள் குலுக்கிப் போட்டு எழுதிய தாளின்படி வியாழன்தோறும் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். குச்சி வகுப்பெடுக்க வேறு கட்டடத்துக்குப் போனதால் அந்த வேலை பைப்புக்காரர் தலையில் விழுந்தது.

ஒரு வியாழன், துறைத் தலைவர் விருந்தாளிகளோடு வருகிறார் என்றார்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மஞ்சளையெல்லாம் கண்ணாடியோரமும் வெள்ளையெல்லாம் கதவோரமுமாக வரிசைகட்டி நிறுத்தினார். அன்றைக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அடுத்த வியாழன்தான் தாளைக் கையில் எடுத்தபோது, 'இவ டாக்டர் ஆக நான் தொட்டி தூக்கணுமாக்கும்' என்று தோன்றியது. மாற்றாமலே, மாற்றியதாகத் தாளில் கையெழுத்துப் போட்டார். அடுத்த இரண்டு வியாழனும் அப்படியே. குச்சி வருகிற அன்று காலையில் மட்டும் தாளில் உள்ளபடி தொட்டிகளைக் கலைத்து வைத்தார்.

குச்சி திரும்பி வந்து ஸ்கேலை வைத்து அளந்தாள். மஞ்சள் அட்டைச் செடிகள் ஒரு சாண் உயரம் கூடுதல்.

"போன பருவத்துல இவ்வளவு வித்தியாசம் இல்ல மாமா. பேராசிரியர் குழுவே அசந்துடும் பாருங்க."

சும்மா இருந்தால் பொய்க் கணக்கில் பட்டம் வாங்கிவிடுவாள். சொன்னால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். சொல்லிவிடலாம் என்று நினைத்தபோதே, போகட்டும் ஒரு வருஷம் என்று அவருக்குள் ஒருவன் கைதட்டினான். அந்தக் கைதட்டல் கேட்டதால்தான் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் பைப்பை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"மஞ்சள் வளந்தது மருந்தால இல்ல. நாலு வாரமா கண்ணாடியோரமே நின்னுச்சு. நான் மாத்தல."

"கையெழுத்து இருக்கே."

"அது பொய்."

குச்சி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். "ஏன் மாமா?"

"வயித்தெரிச்சல்." வேறு சொல் தேட அவருக்குத் தெரியவில்லை.

அவள் நோட்டைத் திறந்து நாலு வாரக் கணக்கின்மேல் கோடு இழுத்தாள். ஸ்கேல் வைத்த நேர்க்கோடு. இந்த நிதானமும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அப்போதும் அவருக்கு எரிந்தது. வழிகாட்டிப் பேராசிரியரின் அறைக்குப் போய்விட்டு அரைமணியில் திரும்பினாள். முதலிலிருந்து இன்னொரு பருவம். வாய்மொழித் தேர்வு அடுத்த வருஷம்.

"நல்லா திட்டிட்டுப் போயேன்."

"நேரமில்ல, விதை ஊறப்போடணும்."

வாசல்வரை போனவள் நின்றாள். "அக்காகிட்ட எதையும் உளறி வைக்காதீங்க. விதை சரியில்ல, அதான் இன்னொரு பருவம்னு நானே சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னு ஆமான்னு மட்டும் சொல்லுங்க."